ஹிக்கின்ஸ் பாகவதர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வராளி ராகத்தில் 'கா வா வா' கேட்டு, "பாடியது யார்?" என்று தேடி, பெயரைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் திகைப்புக்குப் பிறகு அவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

யார் இவர்?

ஜான் போர்த்விக் ஹிக்கின்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் 1939இல் பிறந்தவர். அந்த ஊரில் பிலிப்ஸ் அகாடமி என்று ஒரு பழைய பள்ளிக்கூடம் உண்டு. அப்பா அங்கே ஆங்கில ஆசிரியர், அம்மா இசை ஆசிரியை. ஆக வாத்தியார் வேலையும் பாட்டும் வீட்டிலேயே இருந்தன.

கல்லூரிப் படிப்பு முழுக்கக் கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். 1962இல் இளங்கலை (இசையும் வரலாறும்), 1964இல் முதுகலை, 1973இல் முனைவர் பட்டம். கர்நாடக சங்கீதத்தைக் கச்சேரி செய்யும் அளவுக்குக் கற்றுத் தேர்ந்த முதல் மேற்கத்தியர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்வார்கள். பிழைப்பு கடைசிவரை பல்கலைக்கழகத்தில்தான்.

'பாகவதர்' பட்டத்தை யார் கொடுத்தது?

ரசிகர்கள் கொடுத்துப் பழகிய பெயர் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. பாகவதர் என்ற சொல் நம் ஊரில் கொஞ்சம் தாராளமானது. கதை சொல்பவரும் பாகவதர், பஜனை நடத்துபவரும் பாகவதர், கச்சேரிக்காரரும் பாகவதர். ஹிக்கின்ஸுக்கு அது சேர்ந்ததில் பாதி மரியாதை, பாதி செல்லம். 'மிஸ்டர் ஹிக்கின்ஸ் பாடுகிறார்' என்றால் வேடிக்கை பார்க்கப் போவார்கள், 'ஹிக்கின்ஸ் பாகவதர் பாடுகிறார்' என்றால் கேட்கப் போவார்கள்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தச் சங்கீதம் எப்படி அகப்பட்டது?

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ராபர்ட் பிரவுன் என்ற இசையறிஞர் 1961இல் வெஸ்லியனில் ஆசிரியராகச் சேர்ந்தார். 'உலக இசை' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். மிருதங்கம் படித்தவர், மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வும் செய்தவர். அவருக்கு ஒரு பிடிவாதம்: வேற்று நாட்டு இசையைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பாடியோ வாசித்தோ பழக வேண்டும், அதையும் அந்த இசையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் பழக வேண்டும். அதனால் பட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல், வித்வான்களையே பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்துச் சொல்லித்தர வைத்தார்.

அப்படி வந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1962இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. 1963இல் அவருடைய தம்பி, மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன். வீணை தனம்மாளின் பேத்தியும் பேரனும்! பிரவுன் வீட்டில் சாப்பாடும் பாட்டுமாகக் கூட்டம் சேரும். 'கறி கச்சேரி' என்றே அதற்குப் பெயர். மயிலாப்பூரில் பிறந்தவருக்கே எளிதில் கிடைக்காத வாசல், மிடில்டவுனில் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பையனுக்குத் திறந்தது.

சென்னையில் யாரிடம் கற்றார்?

1964இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு சென்னை வந்தார். குரு டி. விஸ்வநாதன். பாலசரஸ்வதியின் இன்னொரு தம்பி, அந்தக் குடும்பத்தின் புல்லாங்குழல்காரர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராகவும் இருந்தவர்.

இங்கே பலரும் கேட்பது: குழல் வித்வானிடம் போய்ப் பாட்டா? விஸ்வநாதன் குழலைத் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்றவர். ஆனால் அவருக்குக் குழல் என்பது பாட்டுக்கு இன்னொரு தொண்டை, அவ்வளவுதான். கச்சேரி நடுவில் குழலை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வரியை வாயால் பாடுவார். சாகித்யம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கேதான் குழலும் மூச்சு விடும். வீட்டிலோ பாட்டி, அம்மா ஜயம்மாள், அக்கா, பிருந்தா–முக்தா என்று பாட்டு வழிந்து ஓடிய பரம்பரை. இப்படிப்பட்டவரிடம் வாய்ப்பாட்டு கற்பதில் விநோதம் ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் கற்றதால் ஹிக்கின்ஸுக்கு ஒரு லாபம் கிடைத்தது, ஒரு கஷ்டமும் வந்தது. லாபம், பதங்கள், அதாவது அபிநயத்துக்கும் உரிய, நிதானமான காதல் பாட்டுகள். க்ஷேத்ரக்ஞர் பதங்கள் தனம்மாள் குடும்பத்தின் சொத்து மாதிரி. வெளியே எளிதில் போகாதவை. கஷ்டமும் அதுவேதான். சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒரு அட்சரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவ்வளவு இடம் விட்டு, அந்த இடம் முழுக்க ராகத்தை நிரப்ப வேண்டும். வேகமாகப் பாடினால் மறையும் குறை எதுவும் பதத்தில் மறையாது. சென்னையில் பிறந்த பாடகர்களே தள்ளி வைக்கும் பகுதியில் இவர் கால் வைத்தார்.

மேற்கத்திய இசையில் வளர்ந்த குரல் கர்நாடக சங்கீதத்துக்கு எப்படி வளைந்தது?

அதற்குக் குரலைவிடக் காது முதலில் வளைய வேண்டும். மேற்கத்தியப் பயிற்சியில் ஒரு சுரம் என்றால் ஒரு புள்ளி. அதில் போய் நேராக நிற்பதுதான் பெருமை. நமக்கோ பெரும்பாலான சுரங்கள் அசைவுகள். தோடியின் காந்தாரத்தைப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்திக் காட்ட முடியாது. அது கீழேயும் மேலேயும் தொட்டுத் தொட்டு வருகிற ஒரு பாதை. "சரியான சுரத்தைப் பாடுகிறேனே, ஏன் தோடி வரவில்லை?" என்று மேற்கத்திய மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

இரண்டாவது, மேற்கத்தியப் பாடகர்களுக்கு நீட்டிப் பாடும்போது தானாக ஏறுகிற ஒரு சீரான நடுக்கம் உண்டு. அங்கே அது அழகு. தம்பூராவோடு சேர்த்து வைத்தால், சுருதியோடு சேராத குரல் மாதிரி நம் காதுக்குப் படும். அதை அணைக்க வேண்டும், ஆனால் கமகத்துக்கான அசைவை வளர்க்க வேண்டும். ஒரே தொண்டையில் ஒரு ஆட்டத்தை மறந்து இன்னொரு ஆட்டத்தைப் பழகுவது சின்ன வேலை இல்லை.

ஒன்றில் அவருக்குச் சாதகம்: கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கர்நாடக சங்கீதத்தில் உண்டு. பாட்டுக்காகக் குரலை ஏற்றி இறக்க வேண்டாம். தன் தொண்டைக்கு எது ஆதார ஷட்ஜமோ அதில் உட்கார்ந்துகொள்ளலாம். ஹிக்கின்ஸின் குரல் கனமானது, திறந்த தொண்டை, மத்திய ஸ்தாயியிலும் கீழேயும் நன்றாக ஒலிப்பது. அதை மாற்ற முயலாமல், அதற்குள்ளேயே ராகத்தைக் கொண்டுவந்தார். நம் பாடகர் யாருடைய குரலையும் போலி செய்ய முயன்ற மாதிரி எனக்குத் தெரியவில்லை. அவர் பாட்டு நிலைத்து நிற்க அதுவும் ஒரு காரணம்.

உச்சரிப்பு?

தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் என நாலிலும் பாடினார். 'கா வா வா'வில் 'பழனி' வருகிறது. அந்த ழகரத்தை மட்டும் நிறுத்திக் கேளுங்கள். பிறகு டிசம்பர் சீசனில் எந்த மேடையிலாவது அதே சொல்லைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருவையாற்றில் பாடினாராமே?

ஆமாம். இந்தியாவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே தியாகராஜ ஆராதனையில் பாடினார், பேரும் கிடைத்தது. அவருடைய பதிவுகளில் 'எந்தரோ மஹானுபாவுலு'தான் மிகப் பிரபலம். ஸ்ரீ ராகத்தில் அமைந்த அந்தப் பஞ்சரத்னக் கீர்த்தனை, உலகத்தில் எத்தனையோ மகான்கள், அவர்கள் அத்தனை பேருக்கும் வணக்கம் என்று தொடங்குவது. அவர் வாயில் அது எப்படிப் பொருந்தியது என்று எழுதாத கட்டுரையாளர் இல்லை. நானும் எழுதிவிட்டேன், போகட்டும்.

உடுப்பி கோயிலில் உள்ளே விட மறுத்தார்கள், வெளியே நின்று 'கிருஷ்ணா நீ பேகனே' பாடினார், உடனே உள்ளே அழைத்தார்கள் என்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறையாவது வரும் கதை இது. நான் இதைக் கதையாகத்தான் வைத்திருக்கிறேன். காரணம், அதன் அச்சு நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. உடுப்பியில் கனகதாசரை உள்ளே விடவில்லை, அவர் வெளியே நின்று பாட, கிருஷ்ணனே திரும்பி நின்று 'கிண்டி' என்ற சின்ன ஜன்னல் வழியாகக் காட்சி தந்தான் என்பது பழைய கதை. ஹிக்கின்ஸ் கதையில் ஆள் மட்டும் மாறியிருக்கிறார். கதை இல்லாமலே அந்தப் பாட்டு அவருக்குச் சொந்தம்தான்: யமுனா கல்யாணியில் அமைந்த வியாசராயர் பதம், பாலசரஸ்வதியின் அபிநயத்தால் உலகப் புகழ் பெற்றது. தன் குருவின் வீட்டுப் பாட்டை அவர் பாடினார்.

சரி, பல்கலைக்கழகத்தில் அவருக்கு என்ன வேலை?

1971இல் கனடாவின் டொராண்டோவில், யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். கூட இருந்தவர் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். அந்தக் கூட்டணியை யோசித்துப் பாருங்கள். அமெரிக்கர் வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறார், தமிழர் லயம் சொல்லித்தருகிறார், எதிரே கனடா மாணவர்கள். சங்கரன் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யார்க்கிலேயே இருந்தார். 2011இல் சென்னை மியூசிக் அகாடமியின் பட்டமான சங்கீத கலாநிதியும் பெற்றார்.

1978இல் ஹிக்கின்ஸ் படித்த இடத்துக்கே திரும்பினார். வெஸ்லியனில் இசைப் பேராசிரியர். அதோடு அங்கிருந்த கலை மையத்தின் இயக்குநர். பின்னது நிர்வாகம்: அரங்குகள், நிகழ்ச்சிகள், வரவு செலவு, கூட்டங்கள். நம் ஊர் சபா செயலாளரும் கல்லூரி முதல்வரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விஸ்வநாதனும் வெஸ்லியனில் ஆசிரியராக வந்துவிட்டார். குருவும் சீடரும் ஒரே துறையில் சக ஆசிரியர்கள். சம்பளப் பட்டியலில் சக ஆசிரியர் என்று இருந்தாலும் எதிரே வரும்போது குரு குருதானே.

குருகுலத்தில் பத்து வருடம் கற்பதைப் பருவத் தேர்வுக்குள் எப்படி அடக்குவார்கள்?

அடக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குவார்கள். ஒரு பருவம் என்பது பதின்மூன்று பதினான்கு வாரம். அதற்குள் சுருதியோடு சேர்ந்து ஸ பிடிப்பது, கையால் ஆதி தாளம் போடுவது, சரளி வரிசை, கொஞ்சம் அலங்காரம், முடிந்தால் ஒரு கீதம். அதோடு போய்விடுகிறவர்கள்தான் அதிகம். வேதியியல் படிக்கும் பையன் ஒரு பாடம் கூடுதலாக வேண்டும் என்று வந்திருப்பான். மோகனத்தில் 'வரவீணா' பாடிவிட்டு வேதியியலுக்கே திரும்புவான். பிற்பாடு தம்பூராவைக் கேட்டால் அவனுக்கு ஏதோ ஒன்று ஞாபகம் வரும். அது வீண் இல்லை என்பது என் கட்சி.

தங்கிவிடும் இரண்டு மூன்று பேருக்கு வேறு மாதிரி நடக்கும். எதிரே உட்கார வைத்து, ஒரு வரியைப் பாடி, திருப்பிப் பாடச் சொல்லி, மறுபடி பாடி என்று நம் முறையேதான். எழுதித் தருவது துணைக்கு மட்டும். காகிதத்தில் 'க' என்று ஒரே எழுத்துதான் இருக்கும். தோடியில் அது ஒன்று, சங்கராபரணத்தில் வேறொன்று. எழுத்தை நம்பியவனை ராகம் கைவிடும்.

இதில் ஒரு தமாஷ். வராளியைக் குரு நேராகச் சீடனுக்குச் சொல்லித் தரக்கூடாது, தந்தால் உறவு முறிந்துவிடும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கேள்வி ஞானத்தில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இதைப் பாடத்திட்டக் குழுவிடம் எப்படி விளக்குவது என்று நான் யோசித்ததுண்டு. ஹிக்கின்ஸின் பேரை நிலைநிறுத்திய தமிழ்ப் பாட்டு வராளியில் அமைந்தது என்பது கூடுதல் வேடிக்கை. பாபநாசம் சிவனின் பாட்டு அது.

வாத்தியார் வேலை பாடகரைக் கெடுத்துவிடாதா? முழுநேரக் கச்சேரிக்காரராக இருந்திருக்கலாமே?

இந்தப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இந்தக் கேள்விக்குத்தான். கல்லூரியில் சொல்லித்தருபவர் என்றால் மேடையில் தோற்றவர் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு நம் வரலாறே பதில் சொல்கிறது. 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவர் மேடையில் தோற்றவரா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தண்டபாணி தேசிகர் இருந்தார். டைகர் வரதாச்சாரியார் கலாக்ஷேத்திராவில் இருந்தார். அவரிடம் படிக்க வந்த எம்.டி. ராமநாதன், இயற்பியல் பட்டதாரி, அங்கேயே ஆசிரியராகி, முதல்வருமானார். அந்த விளம்ப காலமும் பாதாளத்தில் ஒலிக்கும் குரலும் சபா செயலாளரின் கடிகாரத்துக்கு ஏற்ப வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

மாதச் சம்பளம் பாடகருக்கு ஒரு சுதந்திரம் தருகிறது. கைத்தட்டல் வராத பாட்டைப் பாடலாம். ஹிக்கின்ஸ் பதம் பாடினார் என்றால், அடுத்த கச்சேரி வருமா என்ற கவலை அவர் வயிற்றில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

இழப்பும் உண்டு, மறைக்கவில்லை. தினம் நாலு மணி நேரம் பிறர் குரலைத் திருத்தினால் உங்கள் தொண்டை களைத்துவிடும். மாலையில் சாதகம் செய்ய உட்கார்ந்தால், காலையில் மாணவர் பாடிய அபசுரம் காதில் ஓடும். பக்கவாத்தியத்தோடு வாரம் இரண்டு மேடை ஏறிப் பழகும் சரளம், டொராண்டோ குளிரில் வகுப்பு எடுப்பவருக்கு வராது. ஹிக்கின்ஸ் பாட்டில் எனக்கு உருப்படிகளும் பதங்களும் பிடித்த அளவுக்குக் கற்பனை ஸ்வரம் (மேடையிலேயே அப்போதைக்கப்போது கோத்துப் பாடும் சுரங்கள்) பிடித்ததில்லை. தினசரி மேடையில் உரசி உரசி வருவது அது. இது என் காது சொல்வது. உங்கள் காது வேறு சொல்லலாம்.

ஆராய்ச்சியும் செய்தாரா, பாட்டோடு சரியா?

செய்தார். 1973இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு பரதநாட்டிய இசை பற்றியது. அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, ஆட்டத்துக்குப் பாடும் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்ற கேள்வி. பாடகர்கள் இதைப் பொதுவாக எட்டிப் பார்ப்பதில்லை; நட்டுவனாரின் துறை என்று விட்டுவிடுவார்கள். பாலசரஸ்வதி குடும்பத்தில் கற்றவருக்கு ஆட்டமும் பாட்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்பது தெரியும். ஆய்வு, அவர் காலத்துக்குப் பிறகு 1993இல் புத்தகமாக வந்தது.

ஆய்வுக்காக அமெரிக்கா வந்து பட்டம் வாங்கிய நம்மவரும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எஸ். ராமநாதன், இதே வெஸ்லியனில், சிலப்பதிகார இசையைப் பற்றி ஆய்வு செய்து முனைவரானவர். 1985இல் சங்கீத கலாநிதி. ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து பதம் கற்றார், ராமநாதன் மிடில்டவுனுக்குப் போய்ச் சிலப்பதிகாரம் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எப்படி இறந்தார்?

1984 டிசம்பரில், குடிபோதையில் வண்டி ஓட்டி வந்த ஒருவர் மோதி. வயது 45. பாடகருக்குக் குரல் பழுத்து வரும் வயது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி காலமாகியிருந்தார். ரங்கநாதன் 1987இல், விஸ்வநாதன் 2002இல்.

அவருக்குப் பிறகு வெஸ்லியனில் பாட்டு நின்றுவிட்டதா?

இல்லை. விஸ்வநாதன் கடைசிவரை அங்கே சொல்லித்தந்தார். அவருக்குப் பின், அவரிடம் கற்ற பா. பாலசுப்ரமணியன் வாய்ப்பாட்டு ஆசிரியராக வந்தார். ஆண்டுதோறும் அங்கே நவராத்திரி விழா நடக்கிறது. கச்சேரி, நடனம், சரஸ்வதி பூஜை எல்லாம் உண்டு.

நானும் பாடகர். இப்படி ஒரு வேலை அமெரிக்காவில் கிடைக்குமா?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். கர்நாடக வாய்ப்பாட்டுக்கென்றே நிரந்தர இடம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு அழைக்கும் வருகைக் கலைஞர் இடம், அல்லது இசை மானிடவியலில் முனைவர் பட்டத்தோடு போய்ப் பாட்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் இடம். அங்கே கர்நாடக சங்கீதம் அதிகம் சொல்லித்தரப்படுவது வீடுகளின் அடித்தளத்தில், சனி ஞாயிறுகளில். 1978இல் தொடங்கிய க்ளீவ்லாந்து ஆராதனையில் பாடும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த அடித்தளங்களில் கற்றவர்கள்தான். இந்தியாவில் என்றால் முதுகலை, நெட் தேர்வு, முனைவர் பட்டம் என்று வரிசை போகிறது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எல்லோரும் 'எந்தரோ'விலிருந்து தொடங்குவார்கள். நான் 'கிருஷ்ணா நீ பேகனே'யிலிருந்து தொடங்கச் சொல்வேன். முகத்தைப் பார்க்காமல், படம் இல்லாமல், இரவில் கேளுங்கள். முதல் முறை எனக்கு அப்படித்தான் வாய்த்தது. ரேடியோவில் பாதியில் பிடித்தேன், பெயர் சொல்லும் முன் கரண்ட் போய்விட்டது. யாரோ பழைய ஆள், தஞ்சாவூர்ப் பக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.